தூரமும் நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். இவ்விதி வான்வழிக்கும் பொருந்துமோ? நம் நாட்டு வரலாறே விடை பகரும்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா நீர்விமானங்கள் காலியை அடுத்த கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்குமிடையே எங்கும் இறங்காது பறந்தன. நேர்த்தூரம் 5,600 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். கணக்கின்படி 28 மணி நேரம் போதும். ஆயினும், காற்றின் போக்கிற்கேற்ப 27 முதல் 33 மணி வரை சென்றது. எரிபொருளின் பாரத்தாற் பயணிகள் மூவருக்கே இடமிருந்தது. பகைவர் அறியாவண்ணம் வானொலியை அடக்கி, விண்மீன்களை நோக்கி வழி கண்டனர். ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதித்தமையால் அது ‘இரட்டைச் சூரியோதயம்’ எனப் பெயர் பெற்றது.

2018இல் தொடங்கிய நேர்ச்சேவையோ பேர்த்திலிருந்து இலண்டன் வரையுள்ள 14,500 கிலோமீற்றரைச் சுமார் 17 மணியிற் கடந்தது.

தூரம் அணுவளவும் குறையவில்லை, குறைந்தது நேரமே. ஆதலின், கலகெதரவிலிருந்து கடல் கடந்து சென்ற நம் பழைய மாணவர்கள், பெற்றோரைக் காண வாராமைக்குத் தூரத்தைக் காரணங் காட்டுதல் இனிப் பொருந்தாது என்போம்.