சிலம்பக் கலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் கடையநல்லூர். அதனைச் சூழ்ந்த தென்பாண்டிச் சீமை வீரத்திற்குப் பெயர்பெற்றது. நெற்கட்டும்செவலில் இருந்து பூலித்தேவர் ஆங்கிலேயரை எதிர்த்தார். வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையக்காரர் போர் முடிந்தபின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்கள் படைக்கலம் தாங்குதலும் தடுக்கப்பட்டது. வாளையும் வேலையும் பறித்தல் எளிது. உழவனும் ஆயனும் நாள்தோறும் கைக்கொள்ளும் கோலைப் பறித்தல் இயலுமோ? அக்கோலையே படைக்கலமாகக் கொண்ட கலை சிலம்பம் ஆகும்.

சிலம்பு என்னும் சொல் ஒலியையும் மலையையும் குறிக்கும். சுழலும் கோல் காற்றைக் கிழித்து ஒலித்தலால் இப்பெயர் அமைந்தது என்பர் சிலர். மலைவாழ் மக்கள் விலங்குகளினின்று தம்மைக் காத்துக்கொள்ள வளர்த்த கலையாதலின் அமைந்தது என்பர் வேறு சிலர்.

படைக்கலம் இன்றிப் பொருதலும் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதனைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். கிள்ளியின் ஒரு கால் மல்லனது மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்தது என்பது அப்பாட்டின் செய்தி. வலிமையோடு காலின் நுட்பமும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சிலம்பம் பயிலப் புகும் மாணவன் கம்பைக் கண்டவுடன் அதனைச் சுழற்ற விரும்புவான். ஆசிரியரோ முதலில் அவனுக்கு நிற்கவே கற்பிப்பார். கால்களை அகற்றி, முழங்காலைச் சிறிது மடித்து, உடலின் பளு இரு கால்களிலும் ஒப்ப அமையுமாறு நிற்றல் வேண்டும். அதன்பின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிபெயர்க்கும் காலடி வரிசைகளைப் பயிலுவான். நிலை தளர்ந்தவன் வீச்சும் தளரும். ஆதலின், இப்பயிற்சியில் பல நாள் கழிதல் வீண் அன்று.

அடுத்து வருவது கம்பு. மூங்கிலாலோ பிரம்பாலோ ஆகிய அது, நிலத்தில் ஊன்றினால் பயில்பவனது நெற்றியை எட்டும் அளவினதாய் இருத்தல் வேண்டும். மணிக்கட்டு இளகும்படி முதலில் மெல்லச் சுழற்றிப் பின் விரைவு கூட்டுவர். அதன்பின் அடி, குத்து, தடை என்பன முறையே கற்பிக்கப்பெறும். எதிரியின் கம்பு வரும் வழியைக் கண் முன்னரே உணர, கை அதனைத் தடுக்க, கால் விலகிப் பக்கம் சேரல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே இயங்குதலே சிலம்பத்தின் உயிர். போட்டியில் எதிரியின் உடலைக் கம்பால் தொட்டாலே போதும், காயப்படுத்துதல் வெற்றியாகாது.

கம்பு இல்லாதபோது கையும் காலும் கொண்டு பொருதல் குத்துவரிசை எனப்படும். இதனை ஒத்த கலை தாய்லாந்து நாட்டிலும் உண்டு. 'முய் தாய்' என்னும் அக்குத்துச்சண்டையில் இரு கை, இரு முழங்கை, இரு முழங்கால், இரு கால் ஆகிய எட்டும் படைக்கலமாம். 1767இல் அயோத்தியா நகரம் வீழ்ந்தபோது பர்மியரால் சிறைப்பட்ட கனோம் தோம் என்னும் வீரன், 1774இல் பர்மிய மன்னன் முன்னிலையில் பலரை வென்று விடுதலை பெற்றான் என்று அந்நாட்டார் கூறுவர். அங்கு வீரர் களம் புகுந்ததும் முதற்கண் ஆசிரியரை வணங்கி ஆடுவர். அவ்வணக்கத்திற்கு 'வை க்ரூ' என்று பெயர். 'க்ரூ' என்பது குரு என்னும் சொல்லின் திரிபே. தமிழகத்துச் சிலம்ப ஆசிரியரும் நிலத்தையும் ஆசானையும் வணங்கிய பின்னரே மாணவனைக் கம்பெடுக்க விடுவர்.

இவ்வணக்கம் வெறுஞ்சடங்கன்று. பயின்ற கை ஒருவனை எளிதில் வீழ்த்தவல்லது. சினம் மூண்டபோது அக்கையைத் தடுப்பவர் அருகில் எவரும் இரார். அவன் கற்ற அடக்கம் ஒன்றே தடுக்கும். ஊர்ப் பூசலில் ஓங்கிய கோல் கற்றவனோடு கற்பித்தவரையும் தலைகுனியச் செய்யும். வலியவனிடமிருந்து எளியவனைக் காக்க எழுந்த கோலோ இருவர்க்கும் புகழ் தரும்.

முன்னாளில் பெரும்பாலும் ஆண்மக்களே பயின்ற இக்கலையை இன்று பெண்மக்களும் ஆர்வத்தோடு பயில்கின்றனர். 2024ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உழவன் கையில் ஊன்றுகோலாய் நின்ற கம்பு பாரதம் அறியும் பெருமை எய்தியுள்ளது. அப்பெருமை நிலைப்பது கம்பை ஏந்தும் இளைஞரது ஒழுக்கத்தைப் பொறுத்ததாகும்.