இடுப்புவலிக்கு ஞாயிறு தெரியுமா?

சென்னையிலோ கோவையிலோ பிரசவ வகுப்பு எப்போது நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம், ஞாயிறு காலை, இல்லையென்றால் வார நாளில் இரவு ஏழரைக்கு மேல் ஜூமில் என்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டிய வகுப்பு. இருவருக்கும் ஆபீஸ் இல்லாத நேரத்தில்தானே நடத்த முடியும்? ஊரெல்லாம் குடும்பத்தோடு உட்காரும் பொழுதுதான் இந்த டீச்சர்களுக்கு வேலை நேரம். திங்கட்கிழமை பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை என்றாலும், ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்து அறையில் யாருக்கோ மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தொழிலுக்கு பிசியோதெரபிஸ்டுகள் வருகிறார்கள், நர்ஸ்கள் வருகிறார்கள், ஐ.டி. வேலையை விட்டவர்களும் வருகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் பலரை இழுத்து வந்தது அவரவர் தலைப்பிரசவம்தான். ‘இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமே’ என்ற ஆதங்கம். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. தொழில் ஆசை வரும்போதே மடியில் கைக்குழந்தையும் இருக்கிறது. வேலையில் காலூன்றிவிட்டுப் பிள்ளை பெறலாம் என்ற கணக்குக்கு இங்கே இடமே இல்லை.

பிரசவத்துக்கு வகுப்பு எதற்கு, நம் பாட்டிகள் எந்த கிளாஸுக்குப் போனார்கள் என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. பாட்டிகளுக்கு வீட்டிலேயே நாலு பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மருத்துவச்சி தெருமுனையில் இருந்தாள். இன்று தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே சுமார் 45 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. எது அவசியம், எது அவசரம் என்று டாக்டரிடம் உட்கார்ந்து கேட்க நேரம் கிடைப்பதில்லை. என்ன கேட்பது என்றும் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த டீச்சர் நிற்கிறார்.

தென்சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டு ஹாலில் நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பலூனுக்குள் பிங்பாங் பந்தைப் போட்டு ஊதிக் கவிழ்த்துப் பிடித்தார் டீச்சர். பக்கவாட்டில் அமுக்கினார். பந்து அசையவில்லை. “இது பொய் வலி. வரும், போகும். பயப்பட வேண்டாம்.” அடுத்து உச்சியில் விட்டு விட்டு அமுக்கினார். பலூனின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, மெலிந்து, அகன்றது. பந்து டொக்கென்று தரையில் விழுந்து உருண்டது. “இது நிஜ வலி. எவ்வளவு நேரம் எடுத்துச்சு பார்த்தீங்களா? தலைப்பிரசவம்னா இன்னும் நேரமாகும்.” கணவன்மார்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருண்ட பந்தை எடுக்க உள்ளறையிலிருந்து ஓடிவந்தான் டீச்சரின் மகன். பாட்டி அவனை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய விதத்திலேயே அவருடைய அபிப்பிராயம் தெரிந்துவிட்டது!

வீட்டு ஹாலில் நடக்கும் இந்த வேலைக்குப் பெரிய மரபு உண்டு. பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து போய் பிசியோதெரபி கற்ற எலிசபெத் பிங், பிறகு நியூயார்க்கில் குடியேறித் தன் வீட்டிலேயே வகுப்பு எடுத்தவர். மூச்சுப்பயிற்சியால் வலியைச் சமாளிக்கும் லமாஸ் முறையை அமெரிக்காவில் பரப்ப 1960-இல் மார்ஜரி கார்மெலோடு சேர்ந்து சங்கம் தொடங்கினார். மயக்க மருந்தில்லாப் பிரசவத்துக்கு ஆசானாகக் கொண்டாடப்பட்ட அவருடைய சொந்தப் பிரசவம் மயக்க மருந்தோடுதான் நடந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. நம் ஊர் டீச்சர்களுக்கு இது தெரிந்தால் பாதிப் பாரம் இறங்கும். “உனக்கே சிசேரியன்தானே, நீ என்ன ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறது?” என்று கல்யாண வீட்டில் கேட்க ஒரு பெரியம்மா எப்போதும் தயாராக இருக்கிறார்.

இங்கிலாந்தில் இதே துறையில் முன்னோடியான ஷீலா கிட்ஸிங்கர் ஐந்து பெண்களுக்குத் தாய். பிரசவ அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் 1962-இல் வந்தபோது வீடு நிறையச் சின்னக் குழந்தைகள். பிரசவத்தில் மனம் நொந்த பெண்கள் பேசுவதற்குத் தொலைபேசி உதவியும் தொடங்கினார். அந்த அழைப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்து எழுதியவர், பேராசிரியையான அவர் மகள் சீலியா. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் போன் இப்படி ஆராய்ச்சியாக முடிவதில்லை. பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது.

உண்மையில் இவர்களின் நேரத்தை விழுங்குவது வகுப்பு அல்ல, வாட்ஸ்அப்தான். இடுப்புவலிக்கு ஞாயிறு தெரியாது, நள்ளிரவும் தெரியாது. இரண்டு மணிக்கு ஒரு மெசேஜ்: “அக்கா, தண்ணி கசியற மாதிரி இருக்கு, வெயிட் பண்ணலாமா?” பதில் போடாவிட்டால் மனசு உறுத்தும், போட்டால் தூக்கம் போச்சு. ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டால் எப்படித் தட்டுவது?

தட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. வீட்டு நிம்மதிக்காக மட்டும் சொல்லவில்லை. 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம் தாய் உயிரிழந்தார். சொல்லிக்கொடுப்பது வேறு, பிரசவம் பார்ப்பது வேறு. பரிசோதிக்காமல் போனில் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்ல எந்த டீச்சருக்கும் உரிமை கிடையாது. நான் பார்த்த டீச்சர் முதல் வகுப்பிலேயே ஒரு தாள் கொடுத்துவிடுகிறார். ரத்தம் பட்டால், தண்ணீர் கசிந்தால், குழந்தை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் எனக்கு மெசேஜ் போடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதற்கெல்லாம் காலை பத்து மணிக்குப் பதில். இரவு ஒன்பதுக்கு மேல் அவர் போன் பேசாது. வீட்டுக்காகப் போட்ட வேலிதான். ஆனால் அவசரத்தில் இருக்கும் கர்ப்பிணி அவர் பதிலுக்காகக் காத்திருந்து நேரத்தைத் தொலைப்பதில்லை.

காசு விஷயம் இன்னும் கூச்சமானது. ஒன்றுவிட்ட நாத்தனாரின் மகளுக்கு இலவசம், மாடி வீட்டு மருமகளுக்குப் பாதி. “நாலு வார்த்தை சொல்றதுக்குப் போய் காசா?” காசு வராத வேலையை வீட்டில் யாரும் வேலை என்று மதிப்பதில்லை. குழந்தையை யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்தால் முதலில் தள்ளிப்போவது அவர் வகுப்புதான். மாதச் சம்பளக்காரப் பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தம் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தந்தது. வகுப்பில் அதை விளக்கும் டீச்சர் தானே மறுபடி கர்ப்பமானால் ஒரு நாள்கூடக் கிடையாது. அதனால் சிலர் இரண்டு பேராகச் சேர்ந்து வகுப்பு நடத்துகிறார்கள். ஒருவருக்குப் பேறுகாலமோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார். வரும்படி பாதியாகும்தான். தனியாக ஓடி இரண்டு வருஷத்தில் கடையைக் கட்டுவதைவிட அது மேல்.

சொந்த ஆசை? “இதுதானே உன் ஆசை, இன்னும் என்ன?” என்பார் கணவர். அது தொழிலாகி நாளாயிற்று என்பது அவருக்கு உறைப்பதில்லை. நான் பார்த்த டீச்சர் முப்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறார், புதன்கிழமை காலைகளில். இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பதி, அந்த நேரம்தான் தங்களுக்கு வசதி, இரட்டைக் கட்டணம் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். புதன்கிழமை காலியில்லை என்று சொல்லிவிட்டாராம்.