விசை ஒன்று, எழுத்து வேறு



இன்றைய உரையில் கணினியைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். "கணினி படித்தவர் வீட்டுப் பொருள், நமக்கு எதற்கு?" என்று எண்ணி வானொலியை அணைத்துவிட வேண்டாம். தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் இன்று பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு பழைய மடிக்கணினியாவது வந்து சேர்கிறது. அது பழுதென்று சொல்லப்படும்போது, உண்மையிலேயே பழுதா இல்லையா என்று தெரிந்துகொள்வது நம் காசைக் காப்பாற்றும்.

செபராங் பிறையில், நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், மகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஜார்ஜ்டவுனுக்குப் போய்ப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தார். அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தது. மூன்றாவது வாரத்தில், மகள் எத்தனை முறை கடவுச்சொல்லைத் தட்டினாலும் கணினி ஏற்க மறுத்தது. பழுது பார்ப்பவர் ஒருவர், "விசைப்பலகை போய்விட்டது, உள்ளே பலகையும் மாற்றவேண்டும், 180 வெள்ளி ஆகும்" என்றார். தாயும் மகளும் கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"சார், இது இனிமே ஆகுமா, இல்லே தூக்கிப் போட்டுடறதா?" என்று தாயார் கேட்டார்.

நான் மகளிடம், "கடைசியாக எதை மாற்றினாய், அம்மா?" என்று கேட்டேன்.

"கீபோர்டு பகுதியிலே பிரிட்டிஷ் இங்கிலீஷ்னு இருந்துச்சு சார். பள்ளியிலே அதைத்தானே சொல்லித் தர்றாங்கன்னு அதையே வெச்சேன்" என்றாள்.

அவள் எண்ணியதில் தவறில்லை. நம் பள்ளிகளில் கற்பிக்கப்படும் ஆங்கிலம் பிரிட்டிஷ் ஆங்கிலந்தான். ஆனால் மலேசியாவில் விற்கப்படும் கணினிகளின் விசைப்பலகை பெரும்பாலும் அமெரிக்க முறையில் அமைந்தது. அமெரிக்க முறையில் ஷிஃப்ட் விசையுடன் 2-ஐ அழுத்தினால் மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறி வரும். பிரிட்டிஷ் முறையில் அதே இடத்தில் இரட்டை மேற்கோள் குறி வரும். அந்தப் பெண்ணின் கடவுச்சொல்லில் @ இருந்தது. திரையில் வெறும் புள்ளிகளே தெரிந்ததால் தவறான குறி விழுவதை அவள் காணவில்லை. ஷிஃப்ட்டுடன் மேற்கோள் விசையை அழுத்தச் சொன்னேன். பிரிட்டிஷ் முறையில் @ இருக்கும் இடம் அதுதான். கணினி திறந்துகொண்டது. ஒரு காசு செலவில்லை.

இது எப்படி நேர்கிறது? முன்பு ரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "27" என்று எண்ணைச் சொன்னால், கிராணியார் தம் ஏட்டில் 27-க்கு எதிரே எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரில் பாலை வரவு வைப்பார். வேறு பிரிவின் ஏட்டைத் தவறுதலாகப் பிரித்து வைத்திருந்தால் உங்கள் பால் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். வாளியிலும் குறையில்லை, பாலிலும் குறையில்லை. பிழை ஏட்டில் இருக்கிறது.

கணினியும் அப்படித்தான். விசையை அழுத்தினால் அது எழுத்தை அனுப்புவதில்லை, தன் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை உள்ளே இருக்கும் விசைப்பலகை அமைப்பு என்னும் ஏடு முடிவு செய்கிறது. விசையின்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து நம் கண்ணுக்காகவே; கணினி அதைப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வேறு எழுத்து வந்தால் பெரும்பாலும் ஏட்டில் பிழை, எழுத்தே வராவிட்டால் விசையில் பழுது இருக்கலாம். ஐயம் தீர, அண்டை வீட்டாரிடம் தனி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே தவறான எழுத்து வந்தால் ஏட்டைத் திருத்துங்கள். அதில் எல்லாம் சரியாக வந்தால் கணினியின் சொந்த விசைகளே பழுதாகியிருக்கலாம்.

இன்னும் இரண்டு சின்னக் காரணங்கள் உண்டு. கேப்ஸ் லாக் அழுந்தியிருந்தால் எல்லாம் பெரிய எழுத்தாக விழும், கடவுச்சொல் பொருந்தாது. சில சிறிய மடிக்கணினிகளில் நம் லாக் அழுந்தியிருந்தால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 என்றும், யூ, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 என்றும் எண்களைத் தரும். நம் லாக் விசையை, தேவையானால் எஃப்என் விசையுடன் சேர்த்து, ஒருமுறை அழுத்தினால் தீர்ந்தது.

ஏட்டைத் திருத்தும் வழி இது. உபுண்டு போன்ற லினக்ஸில் செட்டிங்ஸ் பகுதியில் கீபோர்டு என்பதைத் திறந்தால் இன்புட் சோர்ஸஸ் என்ற பட்டியல் தெரியும். அதில் அமெரிக்க ஆங்கிலத்தைச் சேர்த்து, வேண்டாததை நீக்கிவிடுங்கள். பட்டியலில் இரண்டு இருந்தால் திரையின் மேல் ஓரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்ற குறி தெரியும். சூப்பர் எனப்படும் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். கடவுச்சொல் கேட்கும் திரையிலும் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுத் தட்டுவதே நல்ல பழக்கம்.

இனித் தமிழுக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். விசைப்பலகையிலோ எழுத்து விழும் விசைகள் ஏறத்தாழ 47 மட்டுமே. இந்தச் சிக்கல் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது இதே கணக்கோடுதான் போராடினார். பின்னர்க் கணினிக் காலத்தில், நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் பணி தமிழைக் கணினியில் எழுத வழி செய்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்99-இன் நுட்பம் எளியது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அழுத்தினால் கணினியே இரண்டையும் சேர்த்து உயிர்மெய்யாக்கும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் "அம்மா" என்று வரும். ஒரே மெய் இருமுறை வந்ததால் முதல் எழுத்துக்குப் புள்ளியைக் கணினி தானே வைத்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் கற்ற இலக்கணமே இங்கே விசையாக வேலை செய்கிறது.

லினக்ஸில் இதைப் பெற, மென்பொருள் கிடங்கிலிருந்து ஐபஸ்-எம்17என் என்னும் தொகுப்பை நிறுவவேண்டும். காசு கேட்க மாட்டார்கள். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வரவேண்டும். பலர் இதைச் செய்யாமல் "தமிழ் வரவில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். பிறகு முன்சொன்ன பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். ஆங்கில எழுத்தின் ஓசைவழி எழுதப் பழகியவர்களுக்கு அதற்கான முறையும் அங்கேயே உண்டு.

அடுத்தது, எழுத்து திரையில் தெரியும் விதம். இங்கே மூன்று நோய்கள் உண்டு; மூன்றுக்கும் மருந்து வேறு.

தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால், எழுத்து வந்து சேர்ந்துவிட்டது, அதை வரைந்து காட்டும் எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள். லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் இலவச எழுத்துருவை நிறுவினால் கட்டங்கள் எழுத்தாகிவிடும்.

கட்டமும் இல்லாமல், ஆங்கில எழுத்தும் புரியாத குறிகளுமாகத் தெரிந்தால், அந்தக் கட்டுரை யூனிகோடு வருவதற்கு முன்னிருந்த பழைய முறை ஒன்றில் தட்டப்பட்டிருக்கும். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனி ஏடு. புதிய எழுத்துருவை நிறுவுவதால் இது தீராது. அந்தப் பழைய எழுத்துருவையே தேடவேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் இடவேண்டும்.

மூன்றாவது நோய், கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது. "கொ" என்பதைக் கணினி க என்றும், ஒகரக் குறி என்றும் வரிசையாகச் சேமித்து வைக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைப்பது வேறொரு மென்பொருளின் வேலை. இன்றைய லினக்ஸில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் பெரும்பாலும் செம்மையாகச் செய்கிறது. மிகப் பழைய செயலிகளில்தான் தடுமாற்றம்; செயலியைப் புதுப்பிப்பதே மருந்து. எழுத்தோடு ஒட்டாமல் புள்ளி வட்டம் ஒன்று தெரிந்தால், மெய் இல்லாமல் உயிர்க்குறி மட்டும் தட்டப்பட்டிருக்கிறது. அதை அழித்துவிட்டு மீண்டும் தட்டுங்கள்.

கடைசியாகத் திரை. படம் அகன்றோ மங்கியோ தெரிந்தால், செட்டிங்ஸில் டிஸ்பிளேஸ் பகுதியைத் திறந்து, ரெசொலூஷன் என்னும் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு திரைக்கும் அதற்கென்று பிறந்த அளவு ஒன்று உண்டு. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது 1366-க்கு 768. அதை விட்டு 1024-க்கு 768 வைத்தால் முகங்கள் அகன்று தெரியும். தவறான அளவைத் தேர்ந்து திரை இருண்டுவிட்டாலும் அஞ்ச வேண்டாம். எதையும் தொடாமல் சில நொடி பொறுத்திருந்தால் பழைய அளவு தானே திரும்பும்.

கணினி ஓடும் ஓசை கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துத் திரையைப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி குறைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது. முதலில் வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால், படத்தை வரையும் இயக்கிமென்பொருள் தடுமாறியிருக்கலாம். தொடக்கப் பட்டியலில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து, எஃப்10-ஐ அழுத்தினால் அந்த ஒருமுறைக்கு எளிய முறையில் திரை வரும். அது முதலுதவி மட்டுமே. உள்ளே சென்றபின் இயக்கியைச் சரிசெய்ய வேண்டும்.

எந்தச் சிக்கலுக்கும் பொதுவான மூன்று பழக்கங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு பழைய கணக்கின் அமைப்பில்தான். லினக்ஸை ஒரு சிறு நினைவுக் குச்சியிலிருந்தே நிறுவாமல் ஓட்டிப் பார்க்க முடியும். அதிலும் அதே கோளாறு இருந்தால்தான் பொருளிலேயே பழுது இருக்குமோ என்று எண்ணவேண்டும்.

பழுது பார்ப்பவர்களிடம் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடைந்த விசைக்கும் போன பின்னொளிக்கும் கைதேர்ந்தவர் வேண்டும். உழைப்புக்குரிய கூலியைத் தரத்தான் வேண்டும். ஆனால் "கெட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். "தனி விசைப்பலகை செருகிப் பார்த்தோம், குச்சியிலிருந்து ஓட்டிப் பார்த்தோம், இன்னது நடந்தது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரிடம் வீண் வேலைக்குக் கூலி கேட்பது கடினம்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் பலர் கைசேர்த்து வளர்த்த பொதுச் சொத்து. அதில் தமிழும் இருக்கிறது என்றால், அதற்காகத் தம் நேரத்தைக் கொடுத்தவர்கள் உண்டு. அமைப்புச் சரியில்லை என்பதற்காக நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிவிட்டால், அந்த உழைப்பு நம் வீட்டுக்கு வந்தும் பயன்படாமல் போகும்.

நிபோங் திபால் மகள் இப்போது இரண்டு விசைப்பலகை அமைப்புகளையும் மாற்றி மாற்றி வைத்து எழுதுகிறாள். கணினி திறந்த அன்று அவள் தமிழ்99-இல் முதலில் தட்டியது தன் தாயின் பெயரை. அதைத் திரையில் பார்த்த அந்த அம்மையார், "என் பேரு இதிலே வருமா!" என்று கேட்டுவிட்டு, படகுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார். கணினியை மறுபடியும் அதே துணியில் சுற்றினார். இம்முறை இன்னும் கவனமாக.