பரியேறும் பெருமாள் (திரைப்படம்)

பரியேறும் பெருமாள் 2018 ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். மாரி செல்வராஜ் எழுதி இயக்கிய முதல் திரைப்படமான இதனை, இயக்குநர் பா. ரஞ்சித் தமது நீலம் புரொடக்சன்சு நிறுவனத்தின் முதல் படமாகத் தயாரித்தார். கதிர், ஆனந்தி, யோகி பாபு, மாரிமுத்து ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். சந்தோஷ் நாராயணன் இசையமைத்துள்ளார். திருநெல்வேலியை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து சட்டக் கல்லூரிக்குச் செல்லும் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞன் ஒருவன், சாதி தன்னை எவ்வாறு நடத்துகிறது என்பதை ஒவ்வொன்றாக அறிந்து வளர்வதே இப்படத்தின் கதையாகும்.

பெயர்

பரி என்பது குதிரையைக் குறிக்கும். குதிரை மீது அமர்ந்த தெய்வத்தின் பெயரே கதைநாயகனுக்கும் இடப்பட்டுள்ளது. தமிழகத்தின் சில ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் மிதிவண்டியில் செல்வதற்குக் கூடத் தடை இருந்ததை எண்ணினால், இப்பெயரின் பொருள் நன்கு விளங்கும். நாயகன் தன் பெயருடன் பி.ஏ.பி.எல். என்ற பட்டத்தையும் சேர்த்து, அதன் மேல் ஒரு கோடு உண்டு என்றும் சொல்லிக் கொள்கிறான். படிப்பு இன்னும் முடியவில்லை என்பதே அக்கோட்டின் பொருள்.

கதைச் சுருக்கம்

(கதையின் முடிவும் இப்பகுதியில் தரப்பட்டுள்ளது.)

புளியங்குளத்தைச் சேர்ந்த பரியன் (கதிர்) கருப்பி என்ற வேட்டை நாயை வளர்க்கிறான். ஆதிக்க சாதியினர் சிலர் அந்நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுக் கொல்கின்றனர். பின்னர் பரியன் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர்கிறான். ஆங்கிலம் தெரியாததால் வகுப்பில் எள்ளலுக்கு ஆளாகும் அவனுக்கு, உடன் பயிலும் ஜோதி மகாலட்சுமி (ஆனந்தி) பாடம் சொல்லித் தருகிறாள். அவளது நட்பு அன்பாக வளர்கிறது.

தன் வீட்டுத் திருமணத்திற்கு அவள் பரியனை அழைக்கிறாள். அங்கே அவளது உறவினர்கள் அவனைத் தனி அறையில் அடைத்து அடித்து, அவன் மீது சிறுநீர் கழிக்கின்றனர். நடந்ததை அவன் ஜோதியிடம் சொல்லவில்லை. அதன் பிறகும் கல்லூரியில் அவன் துன்புறுத்தப்படுகிறான். பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞரான அவனது தந்தையும் தெருவில் துரத்தப்பட்டு அவமானப்படுத்தப்படுகிறார்.

இதற்கிடையே, சாதி மீறிப் பழகுவோரைக் கொன்று, அவற்றை விபத்து அல்லது தற்கொலை போலத் தோன்றச் செய்யும் முதியவர் ஒருவர் காட்டப்படுகிறார். இதற்காக அவர் பணம் பெறுவதில்லை. குலதெய்வத்திற்குச் செய்யும் கடமையாகவே கருதுகிறார். பரியனைத் தண்டவாளத்தில் கிடத்திக் கொல்ல முயன்று தோற்ற அவர், தாமே தொடர்வண்டி முன் உயிரை விடுகிறார். உயிர் தப்பிய பரியன் ஜோதியின் தந்தையைப் பழி வாங்காமல் அவரிடம் பேசுகிறான். இறுதிக் காட்சியில் பாலில்லாத தேநீரும் பால் தேநீரும் கொண்ட இரு குவளைகளும், அவற்றின் நடுவே ஒரு வெண்மலரும் காட்டப்படுகின்றன.

சட்டமும் படமும்

சிற்றூரின் இனவெறியை இளம் வயதினரின் பார்வையில் சொன்ன படங்களில் உலக அளவில் அறியப்பட்டது 1962 இல் வெளிவந்த டு கில் எ மாக்கிங்பேர்ட் என்னும் அமெரிக்கப் படமாகும். அதில் கறுப்பினத்தவர் ஒருவர் மீது பொய்க் குற்றம் சாட்டப்படுகிறது. அவருக்காக வாதாடும் வெள்ளையின வழக்கறிஞரே நாயகர். அநீதியைக் கண்டு வளர்வது அவ்வழக்கறிஞரின் பிள்ளைகள். பாதிக்கப்பட்டவரோ படத்தின் ஓரத்திலேயே நிற்கிறார்.

பரியேறும் பெருமாள் இவ்வமைப்பைப் புரட்டிப் போடுகிறது. இங்கே பாதிக்கப்பட்டவனே வளர்கிறான். வழக்கறிஞராக விரும்புபவனும் அவனே. என்னவாகப் போகிறாய் என்று கேட்கப்படும்போது, அம்பேத்கராக வேண்டும் என்ற பொருளில் அவன் விடை தருகிறான்.

ஆனால் இவனுக்கு நேர்பவற்றில் பல சட்டப்படி தெளிவான குற்றங்கள். இந்திய அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்தும் செயல்களைத் தனித்தனியே வரிசைப்படுத்தித் தண்டனை விதிக்கிறது. எனினும் சட்டம் பயிலும் இம்மாணவன் காவல் நிலையத்தை நாடுவதில்லை. இது திரைக்கதையின் குறை அன்று. புகார் கொடுத்த பின் அதே ஊரில், அதே வகுப்பறையில் வாழ வேண்டிய ஒருவனுக்குச் சட்டம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே இப்படத்தின் மையம் எனலாம். கல்லூரி முதல்வராக வரும் பாத்திரம் (பூ ராம்) தாமும் இழிவுபடுத்தப்பட்டு, படித்து உயர்ந்தவர். அவர் காட்டும் வழியும் வழக்கு அன்று, படிப்பே.

பின்னணி

மாரி செல்வராஜ் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவர். திருநெல்வேலியில் சட்டம் பயின்றவர். இயக்குநர் ராமிடம் உதவியாளராகப் பணியாற்றினார். தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள் என்ற இவரது சிறுகதைத் தொகுப்பின் தலைப்பு, 1999 சூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியதில் 17 பேர் ஆற்றில் இறந்த நிகழ்வை நினைவூட்டுகிறது.

படத்தில் வரும் தண்டவாளமும் கற்பனை மட்டுமன்று. 2015 சூன் மாதம் பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜின் உடல் நாமக்கல் மாவட்டத்தில் தண்டவாளத்தில் கிடைத்தது. தொடக்கத்தில் தற்கொலை போலத் தோற்றமளித்த அது கொலை என்று மெய்ப்பிக்கப்பட்டு, 2022 மார்ச்சு மாதத்தில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர் வேறு சாதிப் பெண்ணுடன் பேசிப் பழகியதே கொலைக்குக் காரணமாயிற்று.

நடிப்பும் காட்சியமைப்பும்

தந்தையாக நடித்த தங்கராசு உண்மையிலேயே நெல்லைப் பகுதியின் கூத்துக் கலைஞர் ஆவார். சில நிமிடங்களே தோன்றினும் படம் பார்த்தவர் எவரும் அவரை மறப்பதற்கில்லை. அவர் 2023 இல் காலமானார். ஜோதியின் தந்தையாக நடித்த மாரிமுத்துவும் அதே ஆண்டில் காலமானார். அவர் தம் மகள் மீதான அன்புக்கும் உறவினர் மீதான அச்சத்திற்கும் இடையே சிக்கியவராகக் காட்டப்படுவது, தமிழ்ப் படங்களின் வழக்கமான சாதி வெறித் தந்தையரிடமிருந்து வேறுபட்டது.

சாதிகளின் பெயர்கள் படத்தில் பெரும்பாலும் உச்சரிக்கப்படுவதில்லை. நிறங்களும் குறியீடுகளுமே அவற்றைச் சுட்டுகின்றன. நான் யார் என்ற பாடலில் பரியனும் கருப்பியும் நீல நிறத்தில் தோன்றுகின்றனர். நீலம் அம்பேத்கரிய இயக்கத்தின் நிறமாகும்.

வரவேற்பு

படம் பரவலான பாராட்டைப் பெற்றது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான பிலிம்பேர் விருதும் இதற்குக் கிடைத்தது. அதே வேளையில், இத்தனை கொடுமைக்குப் பின்னும் பாதிக்கப்பட்டவனே உரையாடலுக்கு முன்வர வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. தன் வீட்டில் நடப்பது எதையும் ஜோதி கடைசி வரை அறியாதிருப்பது, அவளை ஒரு குழந்தை போல ஆக்கிவிடுகிறது என்பதும் புறக்கணிக்க இயலாத குறையே.

மாரி செல்வராஜ் பின்னர் கர்ணன் (2021), மாமன்னன் (2023), வாழை (2024), பைசன் (2025) ஆகிய படங்களை இயக்கினார். பரியேறும் பெருமாள் 2025 ஆகத்து மாதத்தில் தடக் 2 என்ற பெயரில் இந்தியில் மீளுருவாக்கம் செய்யப்பட்டது. அப்படத்தை சாசியா இக்பால் இயக்கினார்.