கடற்கரைத் தாளமும் மின்னணு இசையும்



மன்னார்த் தீவிலே ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவிலே நாட்டுக்கூத்து ஒத்திகை நடைபெறுகின்றது. அண்ணாவியாரின் குரலுக்கும் மத்தளத்தின் முழக்கத்துக்கும் இணங்க ஆடுவோர் அடியெடுத்து வைக்கின்றனர். அடுத்த தெருவிலே ஒரு திருமண வீடு. அங்கே ஒலிபெருக்கியில் மின்னணு நடன இசை அதிர்கின்றது. முன்னது மனிதனின் கையால் எழும் ஒலி. பின்னது பொறியால் எழும் ஒலி. பின்னது பெருகினால் முன்னது அழிந்துவிடுமோ என்று முதியோர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் வீணானதன்று. ஆயினும், இரண்டும் ஒரே மேடையிற் கூடி வாழலாம் என்பதற்கு உலகில் ஒரு சான்று உண்டு. அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

தென்னமெரிக்காவின் வடமுனையில் அமைந்த நாடு கொலம்பியா. அதன் கரிபியன் கடற்கரைக்கு உரிய இசை 'கும்பியா' எனப்படும். அக்கரையின் வரலாறு நமது கரையின் வரலாற்றை ஒத்தது. மன்னார்த் தீவைப் போர்த்துக்கேயர் 1560இல் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அதே காலத்தில் கொலம்பியக் கரை ஸ்பானியர் வசம் இருந்தது. இவ்விரு வல்லரசுகளும் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக்கிக் கடல் கடந்து கொண்டு சென்றன. கொலம்பியக் கரையில் ஆபிரிக்கரின் முழவும், பழங்குடியினரின் குழலும், ஸ்பானியரின் மொழியும் ஒன்றுசேர்ந்தன. அந்தச் சேர்க்கையிற் பிறந்ததே கும்பியா.

நமது கரையிலும் இது நிகழ்ந்தது. மன்னாருக்குத் தெற்கே, புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் 'மஞ்சா' எனும் பாடல்களைப் பேணி வந்துள்ளனர். அவற்றிலே போர்த்துக்கேயக் கிரியோல் மொழி ஒலிக்கின்றது. தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கூட அங்கே தாளக் கருவிகள். காபிரிஞ்ஞா, பைலா என்பனவும் இத்தகைய கலப்பின் பயனே. 'பைலார்' என்ற போர்த்துக்கேயச் சொல்லுக்கு ஆடுதல் என்பது பொருள். பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடித் தமிழரிடையே புகழ்பெற்ற 'சுராங்கனி'யும் பைலாத் தாளத்தில் அமைந்ததே.

இனி, கொலம்பியர் செய்த புதுமைக்கு வருவோம். 2005இல் பொகோட்டா நகரில் சிமோன் மெகியா என்பவர் 'பொம்பா எஸ்தேரியோ' எனும் இசைக்குழுவைத் தொடங்கினார். கரையோர நகராகிய சாந்தா மார்த்தாவிற் பிறந்த லி சவுமெத் அதன் பாடகியானார். 2008இல் வெளிவந்த இசைத்தொகுப்பில் இடம்பெற்ற 'புவேகோ', அதாவது 'தீ' எனும் பாடல், அவர்களது பெயரைப் பிறநாடுகளுக்கும் கொண்டு சென்றது. மின்னணுப் பொறிகளின் அதிர்வும், கித்தாரும், முழவும், கும்பியாவின் நடையும் அவர்களது இசையிலே கலந்துள்ளன.

இக்கலப்பு எவ்வாறு பொருந்துகின்றது? பழைய கும்பியாவில் மூன்று முழவுகள் உண்டு. 'தம்போரா' எனும் இருமுக முழவு கோலால் அடிக்கப்பட்டு ஆழ்ந்த ஒலி தரும். 'அழைப்பவன்' எனப் பொருள்படும் சிறு முழவு, அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள வெளியிலே தவறாது ஒலிக்கும். 'மகிழ்ச்சியுடையவன்' எனப்படும் மூன்றாவது முழவோ, கட்டுக்கு அடங்காமல் மனம்போல் விளையாடும்.

தாளப்பொறியின் இயல்பு வேறு. நிமிடத்துக்கு 120 அடி என்று அமைத்தால், ஒவ்வோர் அடியும் சரியாக அரைச் செக்கனுக்கு ஒருமுறை விழும். பொறி களைப்பதில்லை, விரைவதுமில்லை. மனிதனின் கையோ ஓர் அடியை இமைப்பொழுதினும் சிறிது முந்தியோ பிந்தியோ வைக்கும். ஒன்றை வலித்தும் மற்றொன்றை மெலித்தும் அடிக்கும். அந்த நுண்ணிய வேறுபாட்டிலேதான் தாளத்தின் உயிர் இருக்கின்றது. ஆகவே, மாறாத ஆழ்ந்த அடியைப் பொறியிடம் விட்டு, அழைப்பையும் மகிழ்ச்சியையும் கைகளிடம் விடுவதே நல்ல கலப்புக்கு வழி. பொறியின் அடியைக் காதொலிப்பானிற் கேட்டவாறே கலைஞர் வாசிப்பர். இரண்டும் பிசகாது செல்லும்.

இதற்கு மாறான வழியும் ஒன்று உண்டு. மத்தளத்தின் ஓர் அடியை மட்டும் பதிவுசெய்து, அதனையே ஆயிரம் முறை ஒலிக்கச் செய்யலாம். அப்பொழுது மத்தளத்தின் ஒலி இருக்கும்; மத்தளக்காரர் இரார். கூத்திலே ஆடுபவன் சற்றுத் தயங்கினால், அவனது காலைப் பார்த்து மத்தளக்காரர் தாளத்தைத் தாங்கிப் பிடிப்பார். பதிவுசெய்த அடிக்கு ஆடுபவனின் கால் தெரியாது. முதியோர் அஞ்சவேண்டிய இடம் இதுதான். புதிய ஒலி வருவதனால் அன்று, பழைய கை வெளியேறுவதனாலேயே கலை அழிகின்றது.

மன்னார் மக்களுக்குக் கலப்பு புதிதன்று. இங்கு ஆடப்பட்ட நாட்டுக்கூத்துகளுள் ஒன்றின் பெயர் 'என்றீக் எம்பரதோர்'. பேரரசனைக் குறிக்கும் ஐபீரியச் சொல்லே தமிழ்நாவில் 'எம்பரதோர்' ஆயிற்று. அலவாங்கு, குசினி, அலுமாரி என்று போர்த்துக்கேயச் சொற்கள் பல நம் வீடுகளில் வழங்குகின்றன. மேல்நாட்டு ஆர்மோனியமும் தமிழ் நாடக மேடைக்கு உரியதாகிவிட்டது. இவ்வாறு வந்தவற்றை நம்மவராக்கிக் கொண்ட கரை, மின்னணு இசையையும் தன்வயமாக்கிக் கொள்ளலாம்.

பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்க மரத்தைப் பாருங்கள். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரவகை இம்மண்ணிலே வேரூன்றி, பல நூற்றாண்டுகளாக நிழல் தருகின்றது. இசையும் அவ்வாறே. விதை எங்கிருந்தும் வரலாம். அது பிழைப்பது மண்ணின் வளத்தினால். அந்த வளம் மத்தளம் வாசிக்கும் கையிலே இருக்கின்றது. இளைஞர்கள் பொறியை வாங்குமுன் அண்ணாவியாரிடம் ஒரு தாளத்தையேனும் கற்றுக்கொள்வார்களாயின், அடுத்த தெருவில் அதிரும் இசையிலும் மன்னாரின் குரல் கேட்கும்.