தேவகி இழந்த பிள்ளைமை

ஓரில்லத்திற் பிறந்த குழந்தை மற்றோரில்லத்தில் வளர்தல் உலகியலில் நிகழ்வதொன்று. அதனால் விளையும் இன்ப துன்பங்களைத் தமிழிற் பாடினோருள் ஆழ்வார் இருவர் குறிப்பிடத்தக்கவர். பெரியாழ்வார், கண்ணனை வளர்த்த அசோதையின் நிலையில் நின்று அவள் பெற்ற இன்பத்தைப் பாடினார். சேரர் குலத்துக் குலசேகராழ்வாரோ, ஈன்ற தேவகியின் நிலையில் நின்று அவள் இழந்த இன்பத்தைப் பாடினார். 105 பாசுரங்களைக் கொண்ட பெருமாள் திருமொழியில், ஏழாந் திருமொழி முழுவதும் இவ்விழப்பையே பொருளாகக் கொண்டது.

கம்சன் மாண்டான், மகனும் மீண்டான். பின்னரும் தேவகி புலம்புவதேன்? மீண்டவன் வளர்ந்த மகன். அவள் இழந்ததோ குழந்தையை. தாலாட்டும் பேறு அவளுக்கு வாய்க்கவில்லை. புழுதியாடி வந்த பிள்ளையை மார்புறத் தழுவவில்லை. அவன் சிறுவிரல்களால் அள்ளியுண்டு எஞ்சிய சோற்றையும் உண்ணப் பெறவில்லை. ஆதலின், தாயருட் கடைப்பட்டவள் தானே எனத் தன்னையே நொந்துகொள்கின்றாள்.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. தந்தை யாரென மகளிர் வினவக் குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக் காட்டுகின்றது. அவ்வாறு சுட்டப்பெறும் பேறு நந்தனுக்கே கிடைத்தது, வசுதேவனுக்குக் கிடைக்கவில்லை. குருதித் தொடர்பினை அறியாத குழவிக்கு, நாடோறும் தன்னை எடுத்து வளர்ப்பவனே தந்தை. எனவே, அச்சுட்டு பிழையுமன்று, பொய்யுமன்று. தேவகியின் துயரம் ஆற்றொணாததாவதும் இதனாலேயாம்.

எனினும், அவள் அசோதையைப் பழித்தாளல்லள். வெண்ணெய் அளைந்துண்டு அகப்பட்ட பிள்ளையின் அழுகையையும், அஞ்சிய நோக்கையும், கூப்பிய கைகளையும் கண்ட அசோதை இன்பத்தின் எல்லையையே கண்டாள் என்று தேவகியே மொழிகின்றாள். தன் இழப்பையும் பிறள் பேற்றையும் ஒருங்கே உரைக்கும் இந்நேர்மையே இத்திருமொழியின் உயிர்நிலை எனலாம்.

இதனையடுத்து, கோசலை இராமனைத் தாலாட்டும் திருமொழி அமைந்திருத்தலும் நோக்கற்பாலது. தாலாட்டப் பெறாதவளின் புலம்பலைக் கேட்டபின் வரும் தாலாட்டு, முன்னினும் அருமையுடையதாகத் தோன்றுகின்றது.

பிறரில்லத்தில் வளரும் பிள்ளைகள் இக்காலத்தும் பலர் உளர். அவர்களுக்கு நாடோறும் சோறூட்டித் துயிற்றுவோரின் உறவு மெய்யுறவே. பெற்றோரின் ஏக்கமும் மெய்யே. பிரிந்த மகவை ஒருநாள் திரும்பப் பெறுதல் கூடும். கடந்த பிள்ளைமையைத் திரும்பப் பெறுதல் எவர்க்கும் கூடாது. தேவகியின் புலம்பல் உணர்த்தும் உண்மை இதுவேயாம்.