பிறந்த பிள்ளை வெளிக்குப் போச்சா?



பிள்ளை பிறந்ததும் எடை எவ்வளவு, யார் ஜாடை என்று கேட்கிறோம். "வெளிக்குப் போச்சா?" என்றும் கேட்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த பெரும்பாலான குழந்தைகள் 24 மணி நேரத்துக்குள் கருப்பாக, பிசுபிசுப்பாக முதல் மலம் போய்விடும். பெரியவர்கள் காட்டுப்பீ என்பது இதைத்தான். 48 மணி நேரமாகியும் போகவில்லை என்றால் 'ஹிர்ஷ்ஸ்பிரங்' என்ற அரிய குடல் நோயாக இருக்கலாம். சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

ஏன் வருகிறது?

குடல் சுருங்கி விரிந்து மலத்தைக் கீழே தள்ளுகிறது. இதை நடத்துபவை குடல் சுவரில் உள்ள நரம்பு அணுக்கள். கருவில் இவை மேலிருந்து கீழாகக் குடல் முழுவதும் பரவ வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதி இறுகியே இருக்கும். மலம் மேலே தேங்கி வயிறு உப்பும். தாய் சாப்பிட்ட எதுவும் இதற்குக் காரணமில்லை. மருமகளைக் குறை சொல்லாதீர்கள்.

வெற்றிலைக் காம்பு போதுமா?

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் ஊர் வழக்கம். இந்த நோயிலும் ஆசனவாயைத் தூண்டினால் மலமும் காற்றும் பீறிட்டு வந்து வயிறு வடியலாம். "சரியாப் போச்சு" என்று நாம் இருந்துவிடுவோம். ஆனால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். நாள் கடந்தால் குடல் அழற்சி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

* பச்சை நிற வாந்தி
* வயிறு உப்பி, பால் குடிக்க மறுப்பது
* காய்ச்சலுடன் நாற்றமடிக்கும் பேதி

சிலருக்குத் தீராத மலச்சிக்கலாகவும், எடை கூடாமலும் பிறகுதான் தெரியவரும்.

என்ன செய்வார்கள்?

ஆசனவாய் வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு மலக்குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். நரம்பு அணு இல்லையென்றால் நோய் உறுதி.

மருந்தால் குணமாகாது; ஆபரேஷன்தான் வழி. 1948-லேயே அமெரிக்க மருத்துவர் ஸ்வென்சன் இதற்கு வழி காட்டினார். நரம்பில்லாத பகுதியை நீக்கிவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்கு அருகில் இணைப்பார்கள். சில குழந்தைகளுக்கு முதலில் வயிற்றில் தற்காலிக வழி வைப்பார்கள். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், பிறகு மூடிவிடுவார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்கு மலச்சிக்கலோ கசிவோ கொஞ்ச காலம் இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் வயிறு உப்பி காய்ச்சலும் பேதியும் வந்தால் உடனே காட்டுங்கள்.

இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். பேறுகாலம் பார்க்கும் பாட்டிமார் காதிலும் போடுங்கள்.